தோன் பிராவுலியோவின் இடது தோள்

மார்ச் 11, திங்கள்

கோடை விடுமுறைக்குப் பிறகு முதல் கூட்டம். ஒன்பது மணிக்கு என்றார்கள். மொந்தெவிதெயோவில் ஒன்பது மணி எப்போது வரும் என்று எல்லாருக்கும் தெரியும் என்பதால் யாரும் அவசரப்படவில்லை. பேராசிரியர் எச்செகோயன் கடற்கரை வெயிலில் தோலுரிந்த மூக்கோடு வந்து உட்கார்ந்தார். மாத்தே குடுவை சுற்றத் தொடங்கியது: இலைமேல் வெந்நீர் ஊற்றிக் குழாயால் உறிஞ்சுகிற கசப்புப் பானம். ஒருவர் உறிஞ்சி முடித்ததும் பிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்றி அடுத்தவருக்கு. திருப்பிக் கொடுக்கும்போது "நன்றி" என்று சொன்னால் எனக்குப் போதும் என்று அர்த்தம். சொல்லாவிட்டால் குடுவை மறுபடி வரும். என்னிடம் மட்டும் வருவதே இல்லை, தாண்டிப் போய்விடும். கேட்கிறவர்களிடம் வயிறு சரியில்லை என்பேன். மாத்தே குடிக்காததற்கு இந்த நாட்டில் வேறு எந்தக் காரணத்தையும் ஏற்க மாட்டார்கள்.

திரையில் தோன் பிராவுலியோ. எங்கள் கணினித் தோள். இருபத்துச் சொச்சம் பேரின் ஸ்கேன் படங்களைச் சேர்த்துக் குழைத்து எங்கள் கணினிக்காரி அனலியா செய்த சராசரித் தோள். எந்தத் தசை எவ்வளவு பருமன், எவ்வளவு இழுக்கும் என்று கேட்டால் சொல்லும். ஆரோக்கியமான மனிதர் என்பதால் "தோன்" என்று மரியாதை சேர்த்திருக்கிறோம். அந்த இருபத்துச் சொச்சம் பேர் யார் என்று கேட்டால் கொஞ்சம் வெட்கம்தான். நாங்கள், எங்கள் மாணவர்கள், பக்கத்து அறைக்காரர்கள். வெளியாளைப் படுக்கவைக்க அறநெறிக் குழுவின் அனுமதி வருவதற்குள் தசையே தேய்ந்துவிடும். ஆள் கிடைக்காவிட்டால் ஆய்வுக்கூடத்து ஆளே படுத்துவிடுவது இந்தத் தொழிலின் சம்பிரதாயம்.

என் வேலை கோடு போடுவது. ஸ்கேன் படத்தின் ஒவ்வொரு துண்டிலும் எந்தத் தசை எங்கே முடிகிறது என்று மவுஸால் சுற்றி வரைய வேண்டும். பல வருடமாக இதே வேலை. இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை நெருப்பில் வாட்டுகிற மாட்டிறைச்சியிலும் என் கண் எல்லைக்கோடு தேடுகிறது.

இன்றைய பெரிய செய்தி அணைப்பான். கையை விலாவோடு சேர்த்து இறுக்குகிற தசை, அக்குளுக்குப் பின்பக்கம் இருக்கிறது. லத்தீன் பெயர் நீளம், அதனால் இந்தச் செல்லப் பெயர். தோன் பிராவுலியோவுக்கு இடது அணைப்பான் வலதைவிடப் பெரிது. ஒருவரைத் தவிர நாங்கள் அத்தனை பேரும் வலக்கைக்காரர்கள். வலதுதானே பெருத்திருக்க வேண்டும்?

பேராசிரியர் எழுந்து நின்றார். "இதயம் எந்தப் பக்கம் இருக்கு? இடப்பக்கம்! உடம்பு தன் பொக்கிஷத்தத் தானே கட்டிப்பிடிச்சுக் காவல் காக்குது. இத்தன வருஷமா உலகத்துல ஒருத்தன் கண்ணுலயும் இது படல."

ஸ்கேன் எந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் வில்மார் என் காதருகே முணுமுணுத்தான்: "பட்டிருந்தா வாய மூடிக்கிட்டு இருந்திருப்பான்."

செப்டம்பரில் லிஸ்பன் மாநாட்டில் இதுதான் பேச்சாம். கட்டுரையும் அனுப்பியாகிவிட்டது.

மார்ச் 16, சனி

மாட்டிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி ஸ்கேன் எங்களுக்குச் சனிக்கிழமை காலையில்தான் கிடைக்கும். வருவதாகச் சொன்ன தத்துவத் துறை மாணவன் வரவில்லை. எந்திரம் சும்மா கிடக்கிறது. வில்மார் என்னைப் பார்த்தான். மூடிய இடம் எனக்குப் பயம் என்று இத்தனை வருடம் சொல்லித் தப்பித்திருந்தேன்.

"கண்ண மூடிக்கோ நெலிதா. மூடின இடம் தெரியாது."

படுத்தேன். காந்த அறைக்குள் உலோகம் கூடாது. வாசலில் சாவி, பெல்ட், கடிகாரம், அப்புறம் எல்லாருடைய பிளாஸ்க்கும் கழற்றிவிட்ட செருப்புகள்போல வரிசையாக நின்றன. வில்மார் என் வலது தோளில் ஒரு மீன் எண்ணெய் மாத்திரையை வைத்து டேப் ஒட்டினான். படத்தில் அது வெள்ளைப் பொட்டாகத் தெரியும். பொட்டு இருக்கிற பக்கம் வலது.

"எந்திரத்துக்கு இடம் வலம் தெரியாது. நம்ம புரொபசருக்கும் சில நாள் தெரியாது," என்றான்.

சிரித்தேன். உள்ளே போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. மூடிய இடத்துக்கு நான் என்றைக்குமே பயந்ததில்லை. படத்துக்குத்தான் பயம்.

மார்ச் 20, புதன்

அனலியா என் தோளைத் தோன் பிராவுலியோவின் பக்கத்தில் வைத்தாள். சரியாக இருந்தால் சிவப்பு, மெலிந்திருந்தால் நீலம். இரண்டு தோளிலும் எல்லாம் சிவப்பு. இடது அணைப்பான் மட்டும் நீலம். வெளிர்நீலம் இல்லை, நல்ல கடல்நீலம்.

"கட்டிப்பிடிக்க ஆள் இல்லாம சுருங்கிப்போச்சுடி," என்றாள் அனலியா. அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

பேராசிரியர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "இது விதிவிலக்கு. எடுத்துடு." பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "உடம்ப ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிக்கோம்மா," என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

மார்ச் 21, வியாழன்

என்னை எடுத்த பிறகு தோன் பிராவுலியோவின் கணக்கில் பிழை குறைந்ததாம். அனலியா நன்றி சொன்னாள்.

மார்ச் 24, ஞாயிறு

அம்மா வீட்டில் மதியச் சாப்பாடு. ரவியோலி.

அப்பாவைப் பற்றி இந்த நாட்குறிப்பில் இதுவரை எழுதியதில்லை. பஸ் கண்டக்டர். மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடுகிற பஸ்ஸில் சீட்டுக் கிழிக்கிறவர். ஒருநாள் கை கம்பிவரை போகவில்லை. இடது தோளில்தான் தொடங்கியது. பிறகு வலது, முகம், கால். நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் போய்விட்டார். தசை தேய்கிற நோய், ரத்தத்தில் வருவது. பிள்ளைக்கு வரலாம், வராமலும் போகலாம், பூவா தலையா என்று அன்றைக்கு டாக்டர் சொன்னார். நான் காசைச் சுண்டிப் பார்க்கவே இல்லை. தசை ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து ஊர்ப்பட்ட பேரின் தசைக்குக் கோடு போட்டேன். என் தசையை மட்டும் பார்க்கவில்லை. இதற்குப் பெயர் தைரியமா?

"என்னடி தோளத் தோளப் பாத்துக்கற?" என்றாள் அம்மா.

"கொசு."

"பட்டப்பகல்ல ஏது இவ்வளவு கொசு?" என்று முணுமுணுத்துக்கொண்டே பெரிய பாத்திரத்தை என் கையில் கொடுத்தாள். தூக்கினேன். கனமாக இருந்ததா? பாத்திரம் கனமா, கை பலவீனமா? ஒரு வாரத்துக்கு முன்னால் இந்தக் கேள்வியே எனக்கு இருந்ததில்லை.

ஏப்ரல் 2, செவ்வாய்

துணி காயப்போடும்போது இரண்டு கையும் ஒரே உயரம் போகிறதா என்று கண்ணாடியில் பார்த்தேன். போகிறது. கண்ணாடி கோணலோ என்று சந்தேகம். கண்ணாடியை நேராக்கினேன். இப்போது நான் கோணலாகத் தெரிகிறேன்.

பஸ்ஸில் மேல்கம்பியை இடது கையால்தான் பிடிக்கிறேன். உட்கார இடம் இருந்தாலும்.

ஏப்ரல் 17, புதன்

உலகத்துக்கெல்லாம் புனித வாரம். எங்கள் அரசாங்கத்துக்கு மட்டும் சுற்றுலா வாரம். எல்லாரும் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஆய்வுக்கூடத்தில் நானும் தோன் பிராவுலியோவும் மட்டும். அவரைத் திரையில் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தேன். எவ்வளவு நிறைவான தோள். நோய் நொடி இல்லை, பரம்பரை இல்லை, ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்க அம்மாவும் இல்லை.

நரம்பு டாக்டரிடம் நேரம் கேட்டேன். மே கடைசியில் கொடுத்தார்கள். "அவசரமா?" என்று கேட்டாள் போனில் இருந்த பெண். "அதுதான் தெரியல," என்றேன்.

மே 29, புதன்

டாக்டரம்மா நல்லவர், நிதானமானவர். கையைத் தூக்கச் சொன்னார், சுவரைத் தள்ளச் சொன்னார், விசிலடிக்கச் சொன்னார். எனக்கு விசிலடிக்கத் தெரியாது. அது நோயின் அறிகுறியா, நான் வளர்ந்த லட்சணமா என்று அவருக்கும் குழப்பம்.

"பாக்கறதுக்குப் பெருசா ஒண்ணும் இல்ல. ஆனா உங்கப்பா கத அப்படி இருக்கு. ரத்தம் எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்புவோம், வர ரெண்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் சும்மா இருக்க வேணாம், ஒரு ஸ்கேன் எடுத்துருவோம். பல்கலைக்கழகத்துல ஒரு குழு ஆரோக்கியமான தோளுக்கு அளவுகோல் ஒண்ணு பண்ணியிருக்காங்களாம். உங்க படத்த அவங்களுக்கு அனுப்பறேன். அவங்க சொன்னா சரியா இருக்கும்."

நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்க எங்க வேல பாக்கறீங்க?" என்று கேட்டார்.

"பல்கலைக்கழகத்துல."

"என்ன வேல?"

"கோடு போடற வேல."

அவர் கட்டிடக்கலை என்று நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

இன்று இருபத்தொன்பதாம் தேதி. மாதாமாதம் இந்தத் தேதியில் ஊர் முழுக்க ஞோக்கி, அதாவது உருளைக்கிழங்கு மாவு உருண்டை. அதிர்ஷ்டத்துக்குத் தட்டின் அடியில் ஒரு நோட்டு வைத்துச் சாப்பிட வேண்டும். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. வைத்துவிட்டுத்தான் சாப்பிட்டேன்.

ஜூன் 12, புதன்

வந்துவிட்டது. டாக்டரம்மா அனுப்பிய என் தோள் படம், பெயர் இல்லாமல், எண் மட்டும் ஒட்டி. "பெண், நாற்பது வயதுக்கு மேல், குடும்பத்தில் நோய் உண்டு." பேராசிரியர் அறைக்குள் கிட்டத்தட்ட ஓடிவந்தார்.

"ஆஸ்பத்திரியே நம்மகிட்ட கேக்குது! முதல் நோயாளி! நெலிதா, நீதான் கோடு போடணும். உன் கை சுத்தம்."

கோடு போட்டேன். என் தோள் எனக்கு நன்றாகத் தெரியும். மார்ச்சில் ஒருமுறை வரைந்ததுதானே. சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன், பேராசிரியர் "புதினா டீ வேணுமா? வயித்துக்கு நல்லது" என்றார். மூடிக்கொண்டேன்.

என் வாழ்க்கையிலேயே இவ்வளவு அழகாக நான் கோடு போட்டதில்லை.

ஜூன் 14, வெள்ளி

தோன் பிராவுலியோவின் தீர்ப்பு: இடது அணைப்பான் ஆரோக்கிய அளவைவிட மிகக் குறைவு. தசைத் தேய்வின் தொடக்கமாக இருக்க வாய்ப்பு. அறிக்கையை எழுதும் வேலையும் எனக்கே வந்தது. எழுதினேன். கோடு போட்டவர் என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டேன்.

"பாவம் அந்தப் பொண்ணு," என்றார் பேராசிரியர். ஒரு நிமிடம் உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு, "ஆனா பாருங்க, நம்மாளு கண்டுபிடிச்சுட்டாரு!" என்று தோன் பிராவுலியோவைத் தட்டிக்கொடுப்பதுபோலத் திரையைத் தட்டினார். கொண்டாட பேக்கரியிலிருந்து ஒரு பெட்டி பிஸ்கோச்சோ வந்தது.

ரெண்டு சாப்பிட்டேன். எனக்கு நோய்னு சொன்னதுக்கு வாங்கின பண்டத்த உக்காந்து ரெண்டு சாப்பிட்டேனே! அதுவும் ஜாம் வெச்சதா பாத்துப் பொறுக்கி! என்ன ஜென்மம் நான்? வீட்டுக்கு வந்து அழுதேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் அழுதேன். எனக்கு அப்பா மாதிரி ஆகக் கூடாது. எனக்கு ஊட்டிவிட யார் இருக்கா? அம்மா இன்னொரு தடவ இதப் பாக்கணுமா?

போதும்.

ஜூலை 1, திங்கள்

கட்டுரையைச் சரிபார்த்த வெளிநாட்டு ஆள் கேள்விகள் அனுப்பியிருக்கிறார். பெயர் சொல்ல மாட்டார்கள், கேள்வி மட்டும் வரும். இதயக் கோட்பாட்டைப் பற்றி "சுவாரசியமானது" என்று ஒரே வார்த்தை. பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. எங்களுக்குப் புரிந்தது.

அடுத்த கேள்விதான் சிக்கல். "பதினோராவது நபரின் படம் இடம் வலமாகத் திருப்பிப் போடப்பட்டதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். எந்த ஆதாரத்தில்?"

பேராசிரியர் வெளியே போனதும் அனலியாவிடம் கேட்டேன்.

"பதினொண்ணு நம்ம வில்மார்தான். அன்னிக்கு அவனே எந்திரத்துல படுத்திருந்தான். மாத்திரைய ஒட்டினது புரொபசர். படம் வந்தா வலது அணைப்பான் பெருசா இருக்கு! அது எப்படி? இதயம் அவனுக்கும் இடப்பக்கம்தானே? சரி, பெரியவரு மாத்திரைய மாத்தி ஒட்டிட்டாருன்னு திருப்பிப் போட்டுட்டேன்."

"அவர்கிட்ட கேட்டியா?"

"அவர்கிட்ட யாருடி கேக்கறது? உனக்கு வேணும்னா கேளு."

நானும் கேட்கவில்லை. மூலப் படத்தை எடுத்துப் பார்க்கிற வேலை என் தலையில் விழுந்தது.

ஜூலை 3, புதன்

வில்மாரின் இதயம் வலப்பக்கம் இருக்கிறது.

முதலில் சிரித்தேன். பிறகு பதறினேன். இவனுக்கு இப்படி ஒரு பிறவிக் கோளாறா, நாமே போய்ச் சொல்ல வேண்டுமா என்று. பிறகுதான் மண்டையில் உறைத்தது. திருப்பிப் போட்ட படம் இது. தோள் படத்தின் அடித் துண்டுகளில் இதயத்தின் மேல் ஓரம் எட்டிப் பார்க்கும். இத்தனை வருடமாக எல்லார் படத்திலும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. நாங்கள் தசைக்காரர்கள், இதயத்தைப் பார்ப்பதில்லை. இதயத்தை வைத்துக் கோட்பாடு எழுதினோமே தவிர அது எங்கே இருக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

மூலப் படத்தில் இதயம் இடப்பக்கம், ஒழுங்காக. மாத்திரையின் வெள்ளைப் பொட்டு வலது தோளில், ஒழுங்காக. எங்கள் பேராசிரியர் தன் கையால் செய்த ஒரே வேலை அந்த மாத்திரையை ஒட்டியது. அதைச் சரியாகச் செய்திருக்கிறார். அதைத்தான் நாங்கள் திருத்தியிருக்கிறோம்.

ஆக, வில்மாருக்கு மட்டும் வலது அணைப்பான் பெரிது. ஏன்?

எழுந்து அவன் அறைக்குப் போனேன். கதவருகில் நின்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். இடது கையால் வெந்நீர் ஊற்றிக்கொண்டே. அவன்தான் எங்களில் ஒரே இடக்கைக்காரன். ஊற்றி முடித்ததும் பிளாஸ்க்கைத் தன் வலது அக்குளில் செருகி இறுக்கிக்கொண்டான்.

வலது அக்குளில்.

திரும்பிப் பார்த்தேன். தாழ்வாரத்தில் அனலியா வருகிறாள், இடது அக்குளில் பிளாஸ்க். அவளுக்குப் பின்னால் இரண்டு மாணவர்கள், இடது அக்குளில் பிளாஸ்க். ஜன்னலுக்குக் கீழே தெருவில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், நாயைக் கூட்டிப் போகிறவர், போலீஸ்காரர். நாடே இடது விலாவில் ஒரு பிளாஸ்க்கை அணைத்துக்கொண்டு, வலது கையை வீசிக்கொண்டு நடக்கிறது. பள்ளிக்கூடம் முடித்ததிலிருந்து சாகிறவரை. ஸ்கேன் அறை வாசலில் மட்டும் இறக்கி வைக்கிறார்கள்.

குடிக்காதவள் நான் ஒருத்தி.

வில்மார் கேட்டான்: "என்ன, பேயப் பாத்த மாதிரி நிக்கற?"

"பிளாஸ்க்க அந்தக் கையில மாத்திப் பிடியேன்," என்றேன்.

மாற்றினான். நழுவிற்று. காலில் வெந்நீர். அவன் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. எனக்கு அவை சங்கீதம்.

ஜூலை 4, வியாழன்

நான் சொன்னதைப் பேராசிரியர் கடைசிவரை கேட்டார். பிறகு இல்லவே இல்லை என்றார். "ஒரு கண்டுபிடிப்ப வெந்நீர் வெச்சுக் கழுவப் பாக்கறியா? தாய் பிள்ளைய எந்தக் கையில அணைக்கறா? இடது! உடம்போட ஞானம் அது!" மேசையைச் சுற்றி நடந்துகொண்டே பேசினார். வலது கையால் காற்றை வெட்டினார். இடது கை மட்டும் அசையவே இல்லை. விலாவோடு ஒட்டியிருந்தது. அதற்குள் பிளாஸ்க்.

எல்லார் கண்ணும் ஒரே இடத்தில் இருந்தது. அவரும் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு பிளாஸ்க்கை மெதுவாக எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"அப்ப அந்த நோயாளிப் பொண்ணு?" என்றார். முதலில் அதைத்தான் கேட்டார். அதற்காக அவருடைய மற்ற எல்லாவற்றையும் மன்னிக்கலாம்.

"நான்தான்," என்றேன்.

அனலியாவின் முகம் வெளுத்துவிட்டது. கட்டிப்பிடிக்க ஆள் இல்லை என்று சொன்னது நினைவுக்கு வந்திருக்கும்.

"ஏம்மா அன்னிக்கே சொல்லல?"

"நீங்க பிஸ்கோச்சோ வாங்கிட்டு வந்திருந்தீங்க."

ஜூலை 5, வெள்ளி

டாக்டரம்மாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு உடனே மன்னிப்புக் கேட்டார். பிறகு சொன்னார்: "உங்க தோள் மெலிஞ்சதில்ல, அவங்க தோள் பெருத்தது. சரி. ஆனா ரத்தம் வராம நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

அதுவும் சரிதான். பிளாஸ்க்குக்கு அப்பாவைத் தெரியாது.

ஜூலை 19, வெள்ளி

பழைய கட்டுரையை வாபஸ் வாங்கிவிட்டார்கள். புதிய கட்டுரை தயாராகிறது: அன்றாடப் பழக்கம் ஒரு நாட்டின் தசையையே எப்படி மாற்றுகிறது என்று. பக்கத்துத் துறைக்காரர்களிடம் பேராசிரியர் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "எனக்கு ஆரம்பத்துலயே ஒரு சந்தேகம் இருந்துச்சு." லிஸ்பன் பயணமும் உறுதி. பூனையை எப்படிப் போட்டாலும் நான்கு காலில்தான் விழும்.

மாத்தே பழகாத தோள் என்று ஒப்பிட்டுக் காட்ட நாட்டுக்குள் ஆள் தேடுகிறார்கள். சுவரொட்டி ஒட்டினார்கள். ஒருவர் வந்தார், நிறுத்திப் பத்து வருடமாம். விசாரித்தால், அலுவலகத்தில் மட்டும் நிறுத்தியிருக்கிறார். ஆக, இப்போதைக்கு நான் ஒருத்திதான். மார்ச்சில் எடுத்தெறிந்த படத்தைத் தேடி எடுத்து முதல் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.

"நீதான் நம்ம ஆய்வோட அச்சாணி," என்கிறார் பேராசிரியர். நான் சரியாகத் தூங்கி எத்தனை நாள் ஆகிறது என்று அச்சாணியிடம் யாரும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

இல்லை.

அப்பாவுடையது என்னிடம் இல்லை. டாக்டரம்மா இரண்டு முறை சொன்னார். மூன்றாவது முறையும் சொல்லச் சொன்னேன். சொன்னார்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். மார்ச்சிலிருந்து. ரவியோலியை முள்கரண்டியால் தள்ளிக்கொண்டே கேட்டாள். ரத்தம் எடுத்த இடத்தில் அழுதாள். இல்லை என்ற இடத்தில் என் முதுகில் ஒரு அடி வைத்தாள். "கொசுவாம் கொசு!"

பிளாஸ்க் கதைக்குச் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தட்டை ஒதுக்கி வைத்தாள்.

"உங்கப்பாவுக்கு நோவு வந்தது எனக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு உனக்குத் தெரியாதுல்ல? பஸ்ஸுல கம்பி பிடிக்க முடியாமப் போனதெல்லாம் அப்புறம். மொதல்ல பிளாஸ்க்குதான் நழுவுச்சு. இந்தச் சமையக்கட்டுலதான். நெளிஞ்சுபோச்சு. கால்ல வெந்நீர். கவனமில்லாத மனுஷன்னு திட்டினேன். மறுவாரம் திரும்பவும் விழுந்துச்சு. அப்பவும் திட்டினேன்."

மேசைத் துணியின் சுருக்கத்தை நீவிவிட்டாள்.

"அவரால பிடிக்க முடியாதத அவர் கண்ணு முன்னால நான் எப்படிப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன்? எடுத்து மேல வெச்சுட்டேன். இந்த வீட்டுல மாத்தே நின்னுபோச்சு. நீ சின்னப் பொண்ணு. உனக்குப் பழக்கிவிட யாரும் இல்ல. ஊர்ல கேட்டாங்க, பிள்ளைக்கு வயிறு சரியில்லன்னு சொல்லி வெச்சேன்."

வயிறு. அந்தப் பொய்யை நானே கண்டுபிடித்ததாக இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் தோள் நீலமாக இருந்ததற்கு அப்பாவின் நோய்தான் காரணம். தோன் பிராவுலியோ சொன்னது முழுப் பொய் இல்லை. ரத்தத்தில் வரவில்லை, சமையலறை வழியாக வந்திருக்கிறது.

"இன்னும் அங்கதான் இருக்கு," என்றாள் அம்மா, அலமாரியின் மேல்தட்டைக் காட்டி. "எனக்கு எட்டாது. உனக்குக் கை எட்டும்ல?"

இடது கையை உயர்த்தினேன். எட்டியது. பழைய துணியில் சுற்றி, நெளிந்த பக்கம் சுவரைப் பார்த்து இருந்தது. அம்மா அதைக் கழுவினாள், இரண்டு முறை. பக்கத்து வீட்டில் மாத்தே இலை வாங்கி வந்தாள், வெந்நீர் போட்டாள். கடற்கரைச் சாலையில் நல்ல குளிர். ஊரே நடந்துகொண்டிருந்தது, நாங்களும் நடந்தோம். பிளாஸ்க்கை மாறி மாறி அணைத்துக்கொண்டோம்; அம்மாவுக்குக் கை மறக்கவில்லை. எனக்குப் பிளாஸ்க் ஒவ்வொரு பத்தடிக்கும் நழுவப் பார்த்தது. இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எதிரே வந்த ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

இடது அக்குளுக்குப் பின்னால் வலி. அணைப்பான்தான். காலையில் கண்ணாடி முன் நின்று அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். புதிதாக வேலை செய்த தசை வலிக்கும் வலி. இதுபோல நல்ல வலி எனக்கு வந்ததில்லை.

ஒன்பது மணிக் கூட்டம், வழக்கமான நேரத்தில் தொடங்கியது. குடுவை சுற்றி வந்தது. வில்மார் பழக்கத்தில் என்னைத் தாண்டி அனலியாவிடம் நீட்டினான்.

"இங்க குடு," என்றேன்.

பேராசிரியர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "அய்யய்யோ, வேணாம்மா! கட்டுரை அச்சாகறவரைக்கும் பொறுத்துக்கோ! நாட்டுலயே சுத்தமான தோள் உன்னோடது ஒண்ணுதான்! இன்னொருத்திக்கு நான் எங்க போவேன்?"

குடித்தேன். கசப்பு. நாக்கு வெந்தது. எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குடுவையை வில்மாரிடம் திருப்பிக் கொடுத்தேன். நன்றி சொல்லவில்லை.